எர்ணாவூரில் ஒரு கறுப்பு வேட்டி

புதன்கிழமை, காலை ஆறே முக்கால் மணி.

எண்ணூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். எங்கள் பிழைப்பு அப்படி. ஊர், மனிதர்கள், டீக்கடை எல்லாம் அப்புறம். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இரண்டாயிரத்து மூன்று கார்த்திகை மாதம். நியாயமாகப் பார்த்தால் குடை பிடித்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். ஒரு துணுக்கு மேகம் இல்லை. "அப்பாடா, பிழைத்தோம்" என்று பிரசாத்தின் முதுகில் தட்டினேன்.

நானும் பிரசாத்தும் ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டால் "வெயிலுக்குக் கணக்கு எழுதுகிறேன்" என்பேன். நிலத்தின் மேல் விழும் வெயிலில் ஒரு பங்கை நிலம் வைத்துக்கொள்கிறது, மீதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்புகிறது. அடர்ந்த காடு கொஞ்சமாகத் திருப்பும். காய்ந்த மணல் நிறையத் திருப்பும். ஈரச் சேறு ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இதை மேலிருந்து ஒரு செயற்கைக்கோள் அளக்கிறது. அது சொல்வது சரிதானா என்று பார்க்க, அது தலைக்கு மேல் கடக்கும் அதே நேரத்தில் தரையில் ஒருத்தன் கருவியோடு நின்று அளந்தாக வேண்டும். அந்த ஒருத்தன் நான். கருவியைத் தூக்கி வருகிறவன் பிரசாத்.

முதுமலைக் காட்டிலும், அனந்தபூர்ப் பொட்டலிலும், கிருஷ்ணா ஆற்று வயல்களிலும் அளந்தாயிற்று. வடசென்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பேராசை. ஆற்று முகத்துவாரச் சேறு, அலையாத்திப் புதர், அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏரி, கடற்கரை மணல், நெருக்கியடித்த மொட்டைமாடிகள், எல்லாம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் கிடைக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குப் போகும்போது நாங்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்துவோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நின்றால், சட்டையில் பட்டுத் திரும்பும் ஒளியும் கருவிக்குள் போய்க் கணக்கைக் கெடுத்துவிடும். கறுப்பு எதையும் திருப்பாது. அவ்வளவுதான் காரணம். ஆனால் கார்த்திகை மாதத்தில் தமிழ்நாட்டில் கறுப்பு உடுத்தி, ஒரு வாரத் தாடியோடு திரிந்தால் ஊர் உங்களை யாரென்று நினைக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் தென்காசிக்காரன்!

காலை ஏழரை மணி, கத்திவாக்கம்.

நாளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், பெட்ரோல் உட்பட என்று பேசி ஒரு மாருதி வேன் அமர்த்தியிருந்தோம். ஓட்டுநர் பாபு, தண்டையார்பேட்டை ஆள். முப்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் "இன்னா சார், மலைக்கா போறீங்க? வேனு எண்ணூருக்குன்னு தானே சொன்னாங்க" என்றான். விளக்கினேன். "அய்ய, வெயில அளக்க ஐதராபாத்துலேர்ந்து வந்துகிறீங்களா? எங்கிட்ட கேட்டிருந்தா போன்லயே சொல்லியிருப்பேனே, செம வெயிலுன்னு" என்று சிரித்தான்.

டீக்கடையில் நிறுத்தினான். டீ இரண்டரை ரூபாய். கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, மறுபடி வானத்தைப் பார்த்து, நல்ல உரத்த குரலில் சொன்னேன்: "இன்னும் ரெண்டு நாளைக்கு இப்படியே மழை வராம இருந்தா போதும், பிரசாத்."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். கடையோரம் காலிக் குடங்களோடு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள், "யாரு பெத்த புள்ளையோ, ஊர சோக்கா வாழ்த்திகினு கீது பாரு" என்றாள். பாபு என் முழங்கையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"சார், அந்தப் பேச்ச இங்க எடுக்காத சார். மானம் பொய்ச்சிப் போயி லாரித் தண்ணிக்கு ஜனங்க அட்ச்சிகினு கீது. நீ மழ வோணாம்ன்ற. ஒத வுழும், சொல்லிட்டேன்."

காது மடல் வரை சுட்டது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று எனக்குத் தெரியாதா? செய்தித்தாளில் படித்துக்கொண்டேதான் இருந்தேன். ஏரிகள் வறண்டு கிடக்கும் படத்தை எங்கள் செயற்கைக்கோளே எடுத்திருந்தது. அந்தப் படத்தை நான்தான் வண்ணம் போட்டுக் கொடுத்தேன். அப்படியும் வாயில் அதுதான் வந்தது. காசை வேனிலிருந்தபடியே பாபுவிடம் கொடுத்து அனுப்பினேன். மாஸ்டர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அந்த வெட்கம் சாம்பல் ஏரி வரும்வரைதான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

சாம்பல் ஏரிக் கரையில் நின்றால் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு நிறத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் பொடி. காற்று அடித்தால் எழுந்து வந்து பல்லில் கரகரக்கும். காய்ந்த இடம் கடற்கரை மணலுக்குச் சமமாக வெயிலைத் திருப்பியது. குழாயிலிருந்து புதிதாகக் கொட்டிய ஈரச் சாம்பலுக்கு அதில் பாதி கூட இல்லை. "பார்த்தியா, தண்ணி பட்டா எல்லாமே கறுத்துடும்" என்று பாபுவுக்குப் பாடம் எடுத்தேன். அவன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான்.

முகத்துவாரத்தில்தான் கூத்து. அலையாத்திப் புதரை அளக்கப் போனவன் இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டேன். பிரசாத்தும் பாபுவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் நான் வெளியே வந்தேன், என் கறுப்புப் பேன்ட் பின்பக்கம் தையலோடு கிழிந்தது. நான் மேலே தூக்கிப் பிடித்திருந்த வெள்ளைப் பலகை மட்டும் தப்பித்தது. அந்தப் பலகையை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். அதன்மேல் ஒரு விரல் படக்கூடாது. மனிதன் மூழ்கினாலும் பலகை மூழ்கக்கூடாது என்று பிரசாத் தெலுங்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மாலை ஆறு மணி, திருவொற்றியூர் தேரடி.

மறுநாள் உடுத்தக் கறுப்பாக ஏதாவது வாங்க வேண்டும். தேரடிப் பக்கம் துணிக்கடை வாசல்களில் எல்லாம் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் மலைமலையாகக் குவிந்திருந்தன. கறுப்புப் பேன்ட் மட்டும் என் அளவுக்கு எங்கும் இல்லை. கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "வேட்டி எழுபது ரூவா சாமி. துளசி மாலையும் எடுத்து வைக்கட்டா?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி, வேட்டி மட்டும் போதும்."

"மாலை கோயில்ல போட்டுக்கிடுவீயளோ? ரொம்ப நல்லது சாமி" என்று ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லவில்லை. கடையில் கூட்டம், எனக்கு அசதி. இதில் என்ன வந்தது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, காலை எட்டே முக்கால் மணி, எர்ணாவூர்.

இந்தப் பயணமே இந்த ஒரு காலைக்காகத்தான். பத்து மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்குச் செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேல் கடக்கும். விட்டால் அடுத்த மாதம்தான். அடுத்த மாதம் வானம் எப்படி இருக்குமோ! மொட்டைமாடிக் கணக்குக்காக நான் முன்பே படத்தில் தேடி வைத்திருந்தது எர்ணாவூரில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் வரிசை அது. அந்த ஒரு கட்டடத்தின் மாடியில் மட்டும் தட்டை ஓடு பதித்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பளிச்சென்று வெளுப்பு.

"சார், அளக்க வந்துகிறோம்னு மட்டும் சொல்லிடாத" என்று பாபு வேனிலேயே எச்சரித்தான். "ஒருவாட்டி அளந்துட்டுப் போனாங்க, இங்க இஸ்துகினு வந்து போட்டாங்க. மறுபடி அளந்தா எங்க போடுவாங்களோன்னு பயம். சாவி தரமாட்டாங்க."

அப்படியானால் என்ன சொல்வது? யோசித்துக்கொண்டே படியேறினேன். மாடிக் கதவின் சாவி மூன்றாம் தளத்தில் கடைசி வீட்டில் இருப்பதாகக் கீழே சொல்லியிருந்தார்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டிருந்தேன். மாடித் தளத்தில் தூசி படியக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கதவைத் தட்டுமுன் அந்தம்மா வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. உள்ளே ஐயப்பன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார்: வெறுங்கால், கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தாடி, கழுத்தில் சட்டைக்குள் மறைந்த ஒரு கறுப்புக் கயிறு. அந்தக் கயிற்றில் தொங்கியது என் திசைகாட்டி. அது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு கையையும் கூப்பி, "சாமி சரணம்" என்றார்.

இல்லையம்மா, நான் சாமி இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூச்சு விடும் நேரம். எனக்கு அந்த மாடி வேண்டியிருந்தது. நானும் கையைக் கூப்பினேன்.

"சாமி சரணம்" என்றேன்.

பின்னால் பிரசாத் இருமினான். நான் திரும்பவில்லை. "மேலே மாடியில ஒரு சின்ன வேலை இருக்கும்மா" என்றேன். அவர் என்ன வேலை என்று கேட்கவே இல்லை. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். பேர் கஸ்தூரி என்றார். புருஷன் ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். போன வருஷம் ஒரு சுமை சரிந்து இடது கால் எலும்பு நொறுங்கிவிட்டதாம். "கால் சொகமாச்சின்னா பெருவழி நடந்தே வரேன்னு வேண்டிகினாரு சாமி. ஐப்பசியிலயே மாலை போட்டாரு. முந்தாநேத்து வேன்ல கெளம்புனாங்க. இன்னிக்கி காலைலேர்ந்து காட்டுல நடந்துகினு இருப்பாரு. நீங்க எப்போ சாமி மலைக்கி?"

"இன்னும் முடிவாகலை" என்றேன். சொன்னது பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாடி அருமையாக இருந்தது. நடுவில் அளக்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் சதுரமாகக் கோடிட்டு, நான்கு மூலையிலும் சின்னச் சின்ன வட்டம் போட்டோம். கடற்கரை மணலை அளந்துவிட்டு வந்து மிச்ச வேலையைப் பார்க்கலாம் என்று சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கினோம். "சாமி திரும்பி வருவீங்க இல்ல?" என்று கேட்டார். "பத்து மணிக்குள் வந்துடுவோம்மா."

பத்து மணிக்குள் வர முடியவில்லை. மணலை அளந்து முடித்துத் திரும்பும்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. ஒன்றரைக் கிலோமீட்டர்தான் தூரம். பாபு ஹாரனை அடித்து அடித்து ஓய்ந்தான். கடைசியில் நானும் பிரசாத்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படியேறி மாடிக்கு வந்தபோது மணி பத்தரை.

மாடி கறுத்திருந்தது.

சுண்ணாம்பு பூசிய ஓடு முழுக்க நனைந்து, பழுப்பாக, ஈரம் மினுங்கிக் கிடந்தது. கைப்பிடிச் சுவரோரம் ஆறு பிளாஸ்டிக் குடங்கள் காலியாகக் கவிழ்ந்திருந்தன. எங்கள் சாக்பீஸ் சதுரத்தை அச்சாக வைத்து அதே அளவில் அரிசி மாவால் ஒரு கோலம். நடுவில் ஒரு குத்துவிளக்கு. கஸ்தூரியம்மா புடவையை இழுத்துச் செருகி, குனிந்து, துடைப்பத்தால் தண்ணீரைக் கடைசி மூலைவரை தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து சந்தோஷமாகச் சிரித்தார்.

"பூஜைக்குத் தானே சாமி எடம் குறிச்சிட்டுப் போனீங்க? ஒரே தூசி, காக்கா எச்சம். சாமி கால் வெக்கிற எடம், கலீஜா இருந்தா ஆவுமா? கழுவி வுட்டுட்டேன்."

எனக்கு முன்கோபம் உண்டு. வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அது தலைக்கேறிவிட்டது.

"யாரைக் கேட்டுத் தண்ணி ஊத்தினீங்க?" என்று கத்தினேன். "அறிவு வேண்டாம்? மூணு மாச வேலை! எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டீங்களே! ஒரு இடத்தைத் தொடாம விட்டு வைக்கத் தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

உங்களுக்கெல்லாம். அந்தச் சொல்லையும் சொன்னேன். பிரசாத் என் கையைப் பிடித்தான், உதறினேன்.

அவர் கையிலிருந்த துடைப்பம் விழுந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. "தப்பா சாமி? இன்னா தப்பு பண்ணேன்?" என்றார். நான் முறைத்தேன். சட்டென்று அந்த ஈரத் தரையில் அப்படியே விழுந்து என் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி, சாமி, கோச்சிக்காத சாமி. அவரு காட்டுல நடந்துகினு கீறாரு சாமி. இப்பத்தான் கால் ஊனி நடக்குறாரு. நான் பண்ணத் தப்பு அவரு மேல போவக்கூடாது. உன் கோவத்த என் மேல வுட்டுடு. அவர ஒண்ணும் பண்ணிடாத சாமி."

குளிர்ந்த கைகள். கண்ணீரா, கழுவிய தண்ணீரா என்று தெரியாத ஈரம் என் விரலிடுக்கில் இறங்கியது. என் வாழ்நாளில் யாரும் என் காலைப் பிடித்ததில்லை. பிடிக்கும்படி நான் எதையும் செய்ததும் இல்லை. கவிழ்ந்து கிடந்த குடங்களை அப்போதுதான் நிஜமாகப் பார்த்தேன். முதல் நாள் டீக்கடையோரம் காலிக் குடத்தோடு நின்ற பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இந்த ஆறு குடத்துக்கு இந்தம்மா எங்கே, எத்தனை நேரம் நின்றிருப்பார்? ஐயோ, நான் எப்பேர்ப்பட்ட பிறவி!

"போய்விட்டது" என்று பிரசாத் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெலுங்கில் முணுமுணுத்தான். செயற்கைக்கோளைச் சொன்னான்.

என்ன செய்வது? மன்னித்தேன் எழுந்திரு தாயே என்று சாமியாகவே சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவர் நிம்மதியாக இருப்பார், நானும் தப்பிப்பேன். உண்மையைச் சொன்னாலோ ஆறு குடம் தண்ணீரும் ஒரு ஏமாற்றுக்காரன் காலில் ஊற்றியது என்றாகிவிடும். ஆனால் என் கோபத்தைக் காட்டுவழியில் நடக்கும் அவர் புருஷன் காலோடு கட்டிப்போட்டிருக்கிறாரே, அதை எப்படி அப்படியே விட்டுப் போவது? நானும் ஈரத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எழுந்திருங்க. நான் சாமி இல்லை. மாலை போடலை." சட்டைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே இழுத்துத் திசைகாட்டியைக் காட்டினேன். "இது மாலை இல்லம்மா. வேலைக்காகத்தான் கறுப்பு. தரை எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புதுன்னு அளக்க வந்தோம். நீங்க சாமின்னு நினைச்சது எனக்குத் தெரியும். சாவிக்காகச் சும்மா இருந்துட்டேன். நேத்து ராத்திரி கூட லாட்ஜுக்குப் பக்கத்துல மீன் சாப்பிட்டவன் நான்."

அவர் திசைகாட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் மூச்சிரைக்கப் படியேறி வந்த பாபு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்போ சாமி கோச்சிக்கல?" என்றார் கஸ்தூரியம்மா.

"இல்லம்மா."

"நீதான் கோச்சிகின?"

"ஆமாம்மா."

நெஞ்சில் கையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார்! ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அடப்பாவி! வயித்துல புளியக் கரைச்சிட்டியே! வெறும் உன் கோவம்தானா? உன் கோவம் இன்னாத்தக் கிழிக்கும்? நான் வேற பயந்து பூட்டேன்!"

என்னை இதைவிடச் சரியாக யாரும் எடை போட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்துக்கொண்டே திரும்பியவர் குடங்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அப்போ என் தண்ணி?"

சட்டைப் பையில் கை விட்டேன். "துட்ட எட்த்தேன்னா மாடியிலேர்ந்து தள்ளிடுவேன்" என்றார். "துட்டக் குடிக்கவா முடியும்? எங்க பிளாக்குக்கு நாளைக்குத்தான் லாரி. இன்னிக்கி அடுத்த பிளாக்குக்கு வருது. குடத்த எட்த்துகினு வா. நீ ஊத்த வெச்ச தண்ணி, நீயே புட்ச்சிக் குடு."

காலை பதினொன்றே முக்கால் மணி, அதே எர்ணாவூர்.

அடுத்த கட்டடத்து முனையில் லாரி நின்றிருந்தது. குடங்கள் வளைந்து வளைந்து வரிசை கட்டியிருந்தன. கைக்கு மூன்றாக ஆறு குடங்களையும் தொங்கவிட்டுக்கொண்டு நான் போய் நின்றதும், முன்னாலிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஏ, சாமிக்கு வழி வுடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். வரிசை இரண்டாகப் பிளந்தது. சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சண்டையை நிறுத்திவிட்டுத் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள். யாரோ என் கையிலிருந்த குடத்தை வாங்கிக் குழாயடிக்கே கொண்டு போனார்கள்.

இந்த இடத்தில் நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. ஆறு குடமும் நொடியில் நிரம்பிவிடும், அந்தம்மாவுக்கும் நல்லதுதானே என்று மனசு ஓடிற்று. சாவி வாங்கியபோது ஓடிய அதே மனசு.

"யோவ்! அவரு சாமி இல்ல!" பின்னாலிருந்து கஸ்தூரியம்மாவின் குரல். கட்டட நிழலிலிருந்து வேகமாக நடந்து வந்தார். "வேட்டிதான் கறுப்பு. கடைசில போய் நிக்கட்டும்."

பெரியவர் விழித்தார். "உன் குடந்தானேம்மா? ரொம்பட்டுமே, இன்னா இப்போ?"

"வோணாம். எம் புருசன் மலையில கீறாரு. சாமி பேர சொல்லி டபாய்ச்சித் தண்ணி வாங்குனா என் வூட்டுக்கு ஆவாது."

மொத்த வரிசையும் என்னைப் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். ஒரு பெண், "தோடா, டூப்பு சாமி!" என்றாள். குழாயடிக்குப் போன குடம் கைமாறிக் கைமாறி என்னிடம் திரும்பி வந்தது. நான் கடைசிக்குப் போனேன். எனக்கு அந்த லாரியில் எந்தப் பாத்தியதையும் இல்லை. எல்லாரும் பிடித்த பிறகு மிஞ்சினால் உண்டு, அவ்வளவுதான். உச்சி வெயில். கறுப்பு வெயிலைத் திருப்பாது, அத்தனையையும் தானே வைத்துக்கொள்ளும் என்று ஊர் ஊராகப் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்கு அதை என் முதுகும் தொடையும் படித்துக்கொண்டன. பிரசாத் வந்து என் பக்கத்தில் நின்றான்.

என் முறை வந்தபோது லாரிக் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகியது. இரண்டு குடம் நிரம்பியது. மூன்றாவது பாதியில் நின்றுபோயிற்று. மூன்று மாடி ஏற்றி அவர் வீட்டு வாசலில் வைத்தேன். வேனில் எங்களுக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர் கேனைப் பாபு தூக்கி வந்து பக்கத்தில் வைத்தான். அவர் குடங்களைப் பார்த்தார், பாதிக் குடத்தை ஆட்டிப் பார்த்தார்.

"செரி, நாளைக்கி வரைக்கும் தாட்டிக்கலாம்" என்றார். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடி. மூஞ்சி செவந்து கீது பாரு."

அந்தத் தண்ணீரை எப்படிக் குடிப்பது? வேண்டாம் என்றால் அது இன்னொரு அவமரியாதை. குடித்தேன். "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். "போய்ட்டு வா. அடுத்தவாட்டி எதுனா வேணும்னா வாயத் தொறந்து கேளு" என்று சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

மாலை நாலு மணி ரயிலுக்குப் பாபு எங்களை சென்ட்ரலில் கொண்டுவந்து விட்டான். இறங்கும்போது, "வுடு சார், அந்தம்மா மறந்துடும்" என்றான். அவர் மறப்பார், எனக்குத் தெரியும். அவருக்கு மறுநாள் லாரி இருந்தது.

ஹைதராபாத் வந்து இரண்டு வாரம் கழித்துப் படம் வந்தது. எங்கள் குழுத் தலைவர் கணினித் திரையில் எர்ணாவூரைப் பெரிதாக்கினார். கடல் கறுப்பு, மணல் வெள்ளை, சாம்பல் ஏரி ஏறக்குறைய வெள்ளை. குடியிருப்பு வரிசையில் மாடிகள் எல்லாம் ஒன்றுபோல் வெளிறிக் கிடந்தன. நடுவில் மூன்று நான்கு புள்ளிகள் மட்டும் கன்னங்கரேலென்று.

"கருவிக் கோளாறா?" என்றார்.

"இல்லை சார். மாடி நனைந்திருந்தது."

"அன்றைக்கு அங்கே மழையா?"

"இல்லை சார். அங்கே மழையே இல்லை."

"பின்னே எப்படி நனைந்தது?"

பிரசாத் வேறு பக்கம் பார்த்தான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்காக ஊற்றினார்கள் சார்" என்றேன்.